கடைசிக் கிழமை வடை

செல்வராசா அண்ணை வருசத்தில் நான்கு தரம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போடுவார். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர். இந்த நான்கு மாதங்களிலும் டொக்டர் பிறிங்மானின் பிராக்சிஸ், அதாவது கிளினிக், திறக்கிற முதல் நாள், காலை ஏழரைக்கே வாசலில் முதல் ஆளாக நிற்பார். கையில் ஒரு மாஜரின் டப்பா இருக்கும். அதற்குள் சிவமலர் அக்கா நாலரைக்கு எழும்பிச் சுட்ட உழுந்து வடை.

இதை நான் ஆரிடமும் கேட்டுச் சொல்லவில்லை. டொக்டரின் வாசலுக்கு நேர் எதிரே உள்ள பேக்கரியில் பன்னிரண்டு வருசமாக நிற்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆர் போகிறார், ஆர் வருகிறார், ஆர் நொண்டுகிறார் எல்லாம் எனக்குத் தெரியும். கொறற்றி விடுப்புப் பார்க்கிறாள் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். கண்ணை மூடிக்கொண்டு பாண் விற்க ஏலாது.

நான் இருப்பதும் செல்வராசா அண்ணையின் கட்டிடத்தில்தான், அவர்களுக்குக் கீழ்த்தட்டு. ஜெர்மனியில் வுப்பர்டால் என்பது ஒரு பள்ளமும் இரண்டு பக்க மலையும். பள்ளத்தில் ஆறு ஓடுகிறது, ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு போகிறது, மலையில் நாங்கள் தொங்கிக்கொண்டு இருக்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து டொக்டரின் தெருவுக்கு இறங்கத் தொண்ணூற்றாறு படி. இறங்குவது சுகம். மழையில் ஏறுவது பாவப் பரிகாரம். இங்கே கிழமையில் நாலு நாள் மழை.

அண்ணை செய்வதற்குப் பெயர் காட் போடுவது. இந்த நாட்டில் டொக்டர்மாருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு கணக்கு. நோயாளி அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு தரமாவது வந்து காப்புறுதி அட்டையை, எங்கள் வாயில் காட்டை, மெஷினில் போட்டால், அந்த ஆளுக்கென்று டொக்டருக்கு ஒரு தொகை வரும். அண்ணைக்கு உள்ள ஒரே வருத்தம் பிறசர். காலையில் ஒரு குளிசை, அவ்வளவுதான். ஆனால் காட் போட்டால்தான் டொக்டருக்குக் காசு என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு அது ஒரு நேர்த்திக்கடன் ஆகிவிட்டது. நடுவில் ஒரு காலம், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போகிறவர்களிடம் பத்து ஈரோ வாங்கச் சொல்லிச் சட்டம் வந்தது. ஊர் முழுக்க முணுமுணுத்தது. அண்ணை மட்டும் அந்தப் பத்து ஈரோவை வெற்றிலை வைத்துக் கொடுக்காத குறை. பிறகு இன்னொரு மந்திரி வந்து அதை எடுத்துவிட்டார், அண்ணைக்குக் கவலை.

ஏன் இவ்வளவு என்று கேட்டால் ஒரு கதை உண்டு. அகதிக் கடுதாசியோடு இருந்த காலத்தில், சோசல் ஒபிஸ் தருகிற துண்டு இல்லாமல் டொக்டரிடம் போக ஏலாது. ஒருநாள் சிவமலர் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கத் துண்டு இல்லாமலே கூட்டிக்கொண்டு போனார். அப்போதுதான் பிராக்சிஸைப் பொறுப்பெடுத்திருந்த இளம் பெண் டொக்டர், "துண்டு பிறகு வரட்டும், ஆள் உள்ளே வரட்டும்" என்றாராம். அந்த இளம் டொக்டருக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. கண்ணாடியும் தடித்துவிட்டது. அண்ணை அந்தச் சொல்லை இன்னும் விடவில்லை.

இந்த வருசம் ஏப்ரல் முதலாம் திகதியும் போனார். வழக்கமாக வெளியே வந்ததும் நேரே என்னிடம் வந்து ஒரு கோப்பி வாங்கி, உள்ளே நடந்ததெல்லாம் சொல்லி முடித்துத்தான் போவார். அன்று வந்தார், கோப்பி கேட்கவில்லை.

"என்ன அண்ணை, முகம் இப்பிடிக் கிடக்குது? வடையை வேண்டேல்லையோ?"

"வடையை வேண்டினவை. காட்டைத்தான் வேண்டேல்லை."

"ஏனாம்?"

"அந்தப் பிள்ளை சுபானி சொல்லுது, அங்கிள், நீங்கள் இனி மூண்டு மாதத்துக்கு ஒருக்கா வரத் தேவையில்லையாம். புதுச் சட்டமாம். ஒரே குளிசை போடுற, பிறசர் ஒழுங்கா நிக்கிற ஆக்களுக்கு டொக்டருக்கு வருசத்துக்கு மொத்தமா ஒரு தொகை வந்திடுமாம். குளிசைக்கு ஒரு போன் அடிச்சால் காணுமாம், அங்கையிருந்தே மருந்துத் துண்டைக் காட்டிலை ஏத்திவிடுவினமாம்."

சுபானி என்பது டோர்ட்மண்ட் குணசேகரம் அண்ணையின் மகள். இங்கே பிறந்து வளர்ந்து, டொக்டரிடமே தொழில் பழகி, இப்போது வரவேற்பு மேசையில் நிற்கிறாள். நல்ல பிள்ளை. தமிழும் ஜெர்மனும் கலந்து கடகடவென்று கதைப்பாள், கேட்கிறவர்களுக்குப் பாதிதான் போய்ச் சேரும்.

"அது நல்லதுதானே அண்ணை," என்றேன். "வருசத்திலை மூண்டுதரம் தொண்ணூற்றாறு படி மிச்சம்."

"நல்லதோ? முப்பது வருசம் பிள்ளை. முதல் ஆளா நிண்டிருக்கிறன். இனி வராதையுங்கோ எண்டால் என்ன அர்த்தம்?"

"வரத் தேவையில்லை எண்டதுக்கும் வராதையுங்கோ எண்டதுக்கும் வித்தியாசம் இருக்கு."

"உனக்கு இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். கோப்பியை நான்தான் குடித்தேன்.

மூன்று நாள் கழித்துப் படிக்கட்டில் கண்டேன். முகம் தெளிந்திருந்தது. ஆளுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது, அதை எனக்குச் சொல்லக் காத்திருந்தவர் மாதிரி மழைக்குள்ளேயே நிறுத்திவைத்துச் சொன்னார். செல்வராசா அண்ணை முப்பது வருசம் ஆயுதத் தொழிற்சாலையில், அதாவது சுத்தியலும் குறடும் அடிக்கிற தொழிற்சாலையில், வேலை செய்தவர். சனி ஞாயிறுகளில் அரியரத்தினம் அண்ணையோடு சேர்ந்து கல்யாண மண்டபங்களுக்குச் சமைத்தவர். அவருக்கு எல்லா ஞாயமும் அந்தக் கிடாரத்துக்குள்ளிருந்துதான் வரும்.

"இஞ்சை பார் கொறற்றி. தலைக்கு இவ்வளவு எண்டு பேசிச் சமைச்சால், சனம் கூட வரவரச் சமைக்கிறவனுக்குச் சந்தோசம். சரியோ?"

"சரி."

"மொத்தமா இவ்வளவு எண்டு பேசிப்போட்டுச் சமைக்க, வந்த சனம் ரண்டாந்தரமும் மூண்டாந்தரமும் பந்தியிலை குந்தினால் ஆற்றை கையைக் கடிக்கும்?"

"சமைச்சவற்றை."

"அதுதான் விசயம். டொக்டருக்கு முந்தித் தலைக்கு. இப்ப மொத்தமாப் பேசியாச்சு. இனி நான் சும்மா சும்மா போய் அந்தக் கதிரையிலை இருந்தால், அது ரண்டாந்தரம் பந்தியிலை குந்திற வேலை. அந்த மனிசி வாய் திறந்து சொல்லமாட்டா. நாங்களாத்தான் விளங்கி நடக்கோணும்."

"அப்ப காய்ச்சல் வந்தால்?"

"கொத்தமல்லி இருக்கு."

கேட்க ஒரு மாதிரி ஞாயம் போலத்தான் இருந்தது. நானும் தலையை ஆட்டிவிட்டேன், அது என் பிழை. அண்ணை அதோடு விடவில்லை. கோயில் மண்டபத்தில் அரியரத்தினம் அண்ணைக்குச் சொன்னார், அவர் தன் மனிசிக்குச் சொன்னார், ஒரு கிழமைக்குள் இந்த மலையில் உள்ள அறுபது வயது தாண்டிய தமிழர்கள் எல்லாரும் ஒரேயடியாகச் சுகமாகிவிட்டார்கள். எதிர்ப்பக்கக் கதவால் ஒரு தமிழ்த் தலையும் உள்ளே போகவில்லை. அரியரத்தினம் அண்ணைக்கு அப்போது பொல்லாத இருமல். என் கடைக்குப் பாண் வாங்க வருகிறவர், டொக்டரின் யன்னலுக்குத் தெரியக்கூடாதென்று தெருவின் மற்ற முனையால் சுற்றி வருவார். வந்து அலுமாரிப் பக்கம் திரும்பி நின்று, கைலேஞ்சிக்குள் இருமுவார்.

"டொக்டரிட்டைக் காட்டுங்கோவன் அண்ணை, எதிரிலைதானே."

"பாவம், அவவுக்கேன் நட்டம்," என்பார்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு நல்ல வெயில். செல்வராசா அண்ணைக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத் துண்டு இருக்கிறது. சின்னக் கொட்டில், மழைத் தண்ணீர் பிடிக்கிற பீப்பா, மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஏப்ரல் வந்தால் வெங்காயம் நடவேண்டும். அன்று பழைய கம்பிவேலியைப் பிடுங்கி எடுக்கும்போது, கறள் பிடித்த கம்பி ஒன்று துள்ளி முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. அண்ணை பீப்பாத் தண்ணீரால் கழுவி, கைலேஞ்சியால் கட்டிவிட்டு, மிச்ச வெங்காயத்தையும் நட்டு முடித்துத்தான் வீட்டுக்குப் போனார்.

இதெல்லாம் எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் தெரிய வந்தது. அன்று சித்திரை வருசப்பிறப்பு. நான் வேதக்காரி என்றாலும் மேல்வீட்டுப் பொங்கல் எனக்கு வராமல் போனதில்லை. ஒரு மணிக்கு வேலை முடிய, விற்காமல் மிஞ்சின பணிசுகளை, அதாவது பன்களை, பையில் போட்டுக்கொண்டு படியேறினேன். சிவமலர் அக்கா கதவைத் திறந்தார். பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை செய்பவர், அன்று லீவு. வீடெல்லாம் சர்க்கரையும் ஏலக்காயும் மணந்தது. அக்காவின் முகத்தில் மட்டும் வருசப்பிறப்பு இல்லை.

"அவர் படுத்திருக்கிறார் கொறற்றி. ஞாயிற்றுக்கிழமை கம்பி கீறினது. நேற்று டொக்டரிட்டைக் கலைச்சுவிட்டனான். கிரீம் ஒண்டு குடுத்தவவாம். எண்டாலும் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து நடுங்கினவர். நீயும் ஒருக்கா எட்டிப் பார்."

"நேற்றோ அக்கா? எத்தினை மணிக்குப் போனவர்?"

"காலமை பத்துக்கு. வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டுதான் போனவர்."

நேற்றுக் காலை முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நான் நின்றேன். தபால்காரன் போனான். பூக்கடைக்காரி நாயோடு போனாள். வெள்ளைச் சட்டை போகவில்லை. பணிசுப் பையோடு நேரே உள்ளே போனேன்.

அண்ணை சோபாவில் போர்வைக்குள் கிடந்தார். என்னைக் கண்டதும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

"காலைக் காட்டுங்கோ அண்ணை."

"ஒண்டுமில்லைப் பிள்ளை. சின்னக் கீறல்."

"சின்னக் கீறலைப் பாக்கிறதுக்கு எனக்கென்ன பயமோ."

போர்வையை நானே இழுத்தேன். கீறல் சின்னதுதான். ஆனால் கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் கால் சிவந்து, வீங்கி, தோல் மினுமினுத்துக்கொண்டிருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன். கடைப் பாண் போறணைக் கதவைத் தொட்ட மாதிரிச் சுட்டது.  சிவமலர் அக்காவின் தமையனுக்கு இப்படி ஒரு கீறலில் தொடங்கித்தான் கொழும்பில் காலை எடுத்தார்கள். அது அண்ணைக்கும் தெரியும்.

"நேற்று எங்கை போனனீங்கள்?" மெல்லத்தான் கேட்டேன்.

"மெதுவாக் கதை. அவவுக்குக் கேக்கப் போகுது."

"எங்கை போனனீங்கள்?"

"தோட்டத்துக் கொட்டில்லை இருந்தனான். வெங்காயத்துக்குத் தண்ணி விட்டனான்."

"அப்ப கிரீம்?"

"அது ஐங்கரன்ரை." ஐங்கரன் அவர்களுடைய மகன், முப்பது வயது, வால்டோர்ஃப் பக்கம் வேலை. "பள்ளிக்கூடத்திலை படிக்கேக்கை முகத்துப் பருவுக்குப் பூசினது. குளியலறை அலுமாரியிலை கிடந்தது."

"அண்ணை, உங்களுக்கு என்ன விசரோ?"

"கத்தாதை பிள்ளை. நீயே சொல்லு. ஜனவரியிலை ஒருக்காப் போயிட்டன். வருசத்துக் காசு வந்திருக்கும். அதுக்குப் பிறகும் போய்க் குந்த எனக்கு வெக்கமாக் கிடக்கு. கீறல் தானா மாறிடும் எண்டு நினைச்சனான்."

வாசலில் சத்தம் கேட்டது. சிவமலர் அக்கா பொங்கல் தட்டோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. தட்டை ஆடாமல் அசையாமல் மேசையில் வைத்தார்.

"முப்பத்தாறு வருசத்திலை நீங்கள் எனக்குச் சொன்ன முதல் பொய் இதுவோ," என்று கேட்டார், "இல்லாட்டி நான் பிடிச்ச முதல் பொய்யோ?"

அண்ணை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"டொக்டருக்கு நட்டம் வரக்கூடாது. நல்லது. என்ரை அண்ணற்றை கால் போனதைப் பாத்துக்கொண்டு நிண்டனான். உங்கடை காலும் போனால் அந்த நட்டத்தை ஆர் தாறது?" அக்கா சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். "இறங்குங்கோ இப்பவே."

அண்ணை எழும்பப் பார்த்தார். கால் தரையில் பட்டதும் முகம் வெளுத்துத் திரும்பவும் இருந்துவிட்டார். தொண்ணூற்றாறு படி நினைத்தும் பார்க்க ஏலாது. அம்புலன்சைக் கூப்பிடுவோம் என்றேன். வருசப்பிறப்பும் அதுவுமாக அந்தச் சத்தத்தோடு போகமாட்டேன் என்று ஒரே பிடி. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. பணிசுப் பையைக்கூட வைக்காமல் அப்படியே படியிறங்கினேன். மழையும் தொடங்கியிருந்தது.

பிராக்சிஸில் மத்தியான இடைவேளை. சுபானி மேசையில் தனிய இருந்தாள். நான் மூச்சு வாங்க வாங்க, தலைக்கு, மொத்தம், பந்தி, கம்பி, பருக் கிரீம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பிள்ளை வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, நான் அப்பிடிச் சொல்லேல்லை. குளிசைக்காக மட்டும் வரத் தேவையில்லை எண்டுதான் சொன்னனான். அதுதானோ ஒரு கிழமையா ஒரு தமிழாக்களும் வரேல்லை? நாங்கள் என்ன பிழை விட்டம், எல்லாரும் வேறை டொக்டரிட்டை மாறிட்டினமோ எண்டு டொக்டர் கேட்டுக்கொண்டே இருந்தவ."

உள் அறைக் கதவு திறந்தது. டொக்டர் பிறிங்மான் கையில் பாணோடு நின்றார், என் கடைப் பாண், இன்னும் கடிக்கவில்லை. சுபானி ஜெர்மனில் மூன்றே வசனத்தில் சொன்னாள். டொக்டர் பாணை மேசையில் வைத்தார், பையை எடுத்தார், கோட்டை மாட்டினார். குடையை நான் பிடித்தேன்.

நாற்பத்தெட்டாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். "உங்கள் ஆட்களுக்கு என்னில் கோபம் என்றல்லவா நினைத்தேன்," என்றார். அவர் ஜெர்மனில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"கோபமில்லை டொக்டர், கரிசனை. அதுதான் இவ்வளவு கரைச்சல்."

டொக்டரைக் கண்டதும் செல்வராசா அண்ணை போர்வையை இழுத்து மூடினார். கள்ளம் பிடிபட்ட பிள்ளைகூட அப்படிச் செய்யாது. டொக்டர் குந்தி இருந்து காலைப் பார்த்தார், தொட்டார், காய்ச்சல் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து, சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் காலைச் சுற்றி ஒரு கோடு கீறினார்.

"தோலுக்குக் கீழே கிருமி ஏறியிருக்கிறது. குளிசை தருகிறேன். நாளைக்கும் வந்து பார்ப்பேன். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் நேரே ஆசுபத்திரி, அந்தச் சத்தத்தோடுதான். இன்னும் இரண்டு நாள் கொட்டிலில் இருந்திருந்தால் நான் கோடு கீறவே தேவை வந்திருக்காது, நேரே ஆசுபத்திரிதான்."

ஏற்புவலிக்கு, அதாவது டெற்றனசுக்கு, தடுப்பூசி போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்து முன்னால் போட்டார். "இப்போது சொல்லுங்கள். ஏன்?"

அண்ணை அக்காவைப் பார்த்தார். சிவமலர் அக்காதான் சொன்னார். அக்காவின் ஜெர்மன் பள்ளிக்கூடச் சாப்பாட்டறை ஜெர்மன், அதனால் கல்யாணப் பந்தி விசயம் நன்றாகவே வந்தது. ஒரு தட்டுக்கு இவ்வளவு, முழுக் கல்யாணத்துக்கும் இவ்வளவு, இரண்டாந்தரம் சாப்பிட வந்து குந்துகிறவர்கள். டொக்டர் முதலில் கூர்ந்து கேட்டார், பிறகு சிரிக்கத் தொடங்கினார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். அதைப் பார்த்து அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

"செல்வராசா, கேளுங்கள். அந்தச் சட்டம், தேவையில்லாமல் வருகிறவர்கள் வராமல் இருந்தால் தேவையோடு வருகிறவர்களுக்குக் கதிரை கிடைக்கட்டும் என்று வந்தது. நேற்று அந்தக் கதிரை உங்களுக்குத்தான். நீங்கள் வராததால் அது வெறுமையாகக் கிடந்தது."

"அப்ப நீங்கள் படியேறி வந்தது?" அண்ணை மெல்லக் கேட்டார்.

"வீட்டுக்கு வந்ததற்கும் ஊசிக்கும் தனியே தருவார்கள். முழுதாகத் தருவார்கள். இப்போது நான் பார்க்கிற ஒவ்வொரு ஆளுக்கும் முழுதாக வருகிறது. முந்தித்தான் அப்படி இல்லை."

"முந்தி எண்டால்?"

டொக்டர் கொஞ்சம் யோசித்தார், சொல்வதா விடுவதா என்று. "முந்தி ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் எனக்கு இவ்வளவுதான் காசு என்று ஓர் அளவு வைத்திருந்தார்கள். அந்த அளவு முடிந்த பிறகு எவ்வளவு வேலை செய்தாலும் கொஞ்சம்தான் வரும், சில காலம் ஒன்றும் வராது. கடைசி இரண்டு கிழமையும் பெரும்பாலும் அப்படித்தான் போகும். சில டொக்டர்மார் அந்த நாட்களில் பூட்டிவிட்டு லீவில் போவார்கள். நான் திறந்திருந்தேன். வருத்தத்துக்கு நாட்காட்டி தெரியாதே." சுவரில் இருந்த ஐங்கரனின் படத்தைக் காட்டினார். "இவனுக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்தது எப்போது? ஜூன் கடைசி, பாடசாலை விடுமுறைக்கு முன்னால். உங்கள் மனைவிக்குப் பித்தப்பைக் கல், டிசம்பரில் நத்தார் முடிந்த அடுத்த நாள். உங்கள் முதுகு, மார்ச் கடைசி. உங்கள் குடும்பத்துக்குக் கடைசிக் கிழமையில்தான் வருத்தம் வரும் என்று என் பழைய உதவியாளர் பகிடி பண்ணுவார்."

அண்ணை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய முகத்தை அப்படி நான் கண்டதில்லை.

"ஒருக்காலும் சொல்லேல்லையே டொக்டர்."

"சொல்லியிருந்தால் நீங்கள் வந்திருக்கமாட்டீர்கள். இப்போது சொல்லாமலே வராமல் விட்டீர்கள்."

அண்ணை போர்வையை விலக்கிக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். பிறகு அண்ணை, "இஞ்சாரும், என்ரை காட்டை எடுத்துக்கொண்டு வாரும்," என்றார். டொக்டரின் பையில் கைக்கடக்கமாக ஒரு காட் மெஷின் இருந்தது. சிவமலர் அக்கா நீட்டிய காட்டை அண்ணை டொக்டரிடம் கொடுக்கவில்லை. மெஷினை வாங்கி, தன் கையாலேயே போட்டார். அது பீப் என்றது. ஆளுக்கு அப்போதுதான் பாதிக் காய்ச்சல் விட்டது.

டொக்டர் எழும்பினார். சிவமலர் அக்கா விடவில்லை, விடுகிற ஆளும் அல்ல. பாணைக் கடிக்காமல் வந்த மனிசி, இரண்டு தரம் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார். இரண்டாந்தரம் தட்டை நீட்டும்போது அண்ணையைப் பார்த்து, "இது மொத்தத்துக்கா, தட்டுக்கா?" என்று கேட்டார். அண்ணை அன்றைக்கு முதல் தரம் சிரித்தார்.

சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை கோட்டுக்குள்ளே நாலு விரல் இறங்கிவிட்டது, அடுத்த கிழமை கோடுதான் மிச்சம், காலில் ஒன்றுமில்லை. கோட்டை அழிக்க அண்ணைக்கு மனமில்லை, குளிக்கும்போது அந்த இடத்துக்குச் சவர்க்காரம் போடாமல் விட்டார் என்று அக்கா சொன்னார். நடக்கத் தொடங்கியதும் செய்த முதல் வேலை, அரியரத்தினம் அண்ணையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து எதிர்ப்பக்கக் கதவுக்குள் தள்ளியது. அந்த இருமல் நுரையீரலில் இருந்ததாம், நல்ல காலம், வேளைக்குப் பிடிபட்டது. கோயில் மண்டபத்திலும் போய்ப் புது விளக்கம் கொடுத்தார். "வருத்தக்காரன் இருக்கிறதுக்குத்தான் கதிரை. கணக்கை டொக்டர் பாப்பா, காலை நீங்கள் பாருங்கோ." தமிழ்த் தலைகள் திரும்பவும் தெருவில் தெரிந்தன.

பிறகு ஜூன் மாதம் முடிகிற கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழரை, தூறல். பார்க்கிறேன், வெள்ளைச் சட்டை, மாஜரின் டப்பா. காட் போடுகிற நாளுக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கிறதே என்று கடை வாசலுக்கு வந்தேன்.

"என்ன அண்ணை, நாள் மாறிப்போச்சோ? முதலாம் திகதி புதன்கிழமை. அதோடை நீங்கள் இனிப் போகவும் தேவையில்லை."

"தெரியும்." டப்பாவை மற்றக் கைக்கு மாற்றினார். "வருத்தமும் ஒண்டுமில்லை, குந்தவும் போகேல்லை. குடுத்திட்டு வாறன்."

"அப்ப ஏன் இண்டைக்கு?"

"முதல் நாள் வடை காட்டோடை போனது பிள்ளை. கடைசிக் கிழமையிலை அந்த மனிசி சும்மா பாத்துவிட்ட நாளெல்லாம் நான் வெறுங்கையோடைதான் போயிருக்கிறன்."

போனார், இரண்டு நிமிசத்தில் வெளியே வந்தார், கோப்பி வாங்கினார், சர்க்கரை கூடக் கேட்டார்.

பத்து மணிபோல டொக்டர் குடையோடு தெருவைக் கடந்து வந்தார். "இன்றைக்கு உங்களுக்கு ஏதும் பண்டிகையா? முதலாம் திகதி இல்லையே," என்று கேட்டார். நான் அண்ணை சொன்னதை ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னேன். டொக்டர் பாண் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், இந்த முறை சிரிக்கவில்லை. "ஆட்கள் காத்திருக்கிறார்கள்," என்று சொல்லிவிட்டு, குடையை என் கடையிலேயே விட்டுவிட்டு மழைக்குள் போனார்.

வேலை முடிய, குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுபானி மாஜரின் டப்பாவை என்னிடம் நீட்டினாள். பாரமாக இருந்தது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாளாம். டொக்டர் இடைவேளைக்கு வீட்டுக்குப் போய்த் தன் மரத்துச் செரிப்பழத்தை ஆய்ந்து நிரப்பியிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு தொண்ணூற்றாறு படியும் ஏறினேன். வழியில் பத்துப் பழம் குறைந்தது. அது என் கூலி.